இலங்கை மலையும் நம் மலையும்



தேசப்படத்தில் இலங்கையைப் பார்ப்பவர்களுக்கு அது இந்தியாவின் காலடியில் தனித்துக் கிடக்கும் ஒரு துண்டு நிலமாகவே தோன்றும். இடையில் நீல வண்ணம் தீட்டியிருப்பதனால் அங்கே ஒரு நிலம் முடிந்து வேறொரு நிலம் தொடங்குகின்றது என்று எண்ணிவிடுகிறோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்தத் தீவின் இயற்கை அமைப்பு. ஆயினும் கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ தொடங்காமல், கேரளத்தின் கிழக்கு ஓரத்தில், பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களும் தமிழ்நாட்டைத் தொட்டு நிற்கும் பகுதிகளிலிருந்து தொடங்குகிறேன். சிற்றூர், பரம்பிக்குளம், மறையூர், மூணாறு, தேக்கடி என்னும் இவ்விடங்களை ஒருமுறை கூர்ந்து பார்த்தவர்களுக்கு இலங்கையின் மலைநாடு பாதி விளங்கிவிடும் என்பது என் கருத்து.

முதலில் அளவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறையப் பாதி. வடக்குத் தெற்காக 432 கிலோமீட்டர் நீளமும், மிக அகன்ற இடத்தில் 224 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. கரையோரம் சுற்றிலும் தாழ்ந்த சமவெளி. தெற்கு நடுப்பகுதியில் மலை. அம்மலை கடற்கரையிலிருந்து மூன்று படிகளாக உயர்கின்றது என்று நிலநூல்கள் கூறும். மேற்படியில் பிதுருதலாகலை 2,524 மீட்டர் உயரமும், சிவனொளிபாதமலை 2,243 மீட்டர் உயரமும் உள்ளவை. நம்முடைய இடுக்கி மாவட்டத்து ஆனைமுடியோ 2,695 மீட்டர். தென்னிந்தியாவில் அதனினும் உயர்ந்த சிகரம் இல்லை. இவ்விரு நாட்டுச் சிகரங்களுக்கும் உயர வேறுபாடு 171 மீட்டரே. வான்வழியாக அளந்தால் இடைத்தூரம் ஏறத்தாழ 540 கிலோமீட்டர்.

உயரம் ஒத்திருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். கல் ஒத்திருப்பதை அவ்வாறு சொல்ல இயலாது. இலங்கையின் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு அடியில் இருப்பது மிகப் பழைய உருமாறிய பாறை. ஆனைமலையிலும் ஏலமலையிலும் இருப்பதும் அத்தகைய பாறையே. இவற்றுள் ஒருவகைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் வாழும் நேயர்கள் புனித யோவான் தேவாலயத்துக்குச் சென்றால், அந்நகர வரலாற்றில் பெயர் பெற்ற ஜாப் சார்னோக்கின் கல்லறையைக் காணலாம். அக்கல்லறைமேல் உள்ள கல் சென்னையை அடுத்த பல்லாவரத்திலிருந்து போனது. அந்தக் கல்லை ஆராய்ந்த ஹாலந்து என்னும் நிலநூலறிஞர் கல்லறைக்குரியவரின் பெயரையே பாறைக்கும் வைத்துவிட்டார். தமிழ்நாட்டுக் கல், வங்காளத்தில் கிடந்து, ஓர் ஆங்கிலேயரின் பெயரைப் பெற்று, நுவரெலியாவின் பாறைக்கும் அதே பெயரை ஈந்திருக்கிறது!

தென்னிந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென்துருவ நிலம் யாவும் ஒருகாலத்தில் கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலமாக இணைந்திருந்தன. அதற்கு உயிருள்ள சாட்சியொன்று இடுக்கி மாவட்டத்திலேயே உண்டு. கட்டப்பனைப் பக்கத்தில் கிடைத்த ஊதா நிறத் தவளையை ஓர் புதிய இனமென்று 2003ஆம் ஆண்டில் அறிஞர்கள் உலகுக்கு அறிவித்தனர். ஆண்டு முழுவதும் மண்ணுக்குள் வாழ்ந்து, பருவமழையின் தொடக்கத்தில் சில நாட்கள் மட்டுமே இனப்பெருக்கத்துக்காக வெளிவரும் பிராணி அது. அதன் குடும்பத்துக்கு மிக நெருங்கிய உறவுக் குடும்பம் வாழ்வது அடுத்த மாவட்டத்தில் அன்று. இந்துமகா சமுத்திரத்தில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் அப்பால் உள்ள செய்செல்சுத் தீவுகளில். தவளை கடல் நீந்திப் போகவில்லை. நிலமே பிரிந்து போயிற்று.

செய்செல்சின் பிரிவோடு ஒப்பிட்டால் இலங்கையின் பிரிவு நேற்று நடந்தது போன்றது. பாக்கு நீரிணையும் பாக்கு விரிகுடாவும் ஆழமற்ற கடல்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 30 கிலோமீட்டர். அங்கே இராமர் அணை என வழங்கும் மணல்திட்டுகளின்மேல் சில இடங்களில் நீர் ஓரிரு மீட்டர் ஆழமே. இற்றைக்கு 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் பெரும்பகுதி பனியாக உறைந்திருந்த காலத்தில், கடல்மட்டம் இன்றுள்ளதைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. அப்போது இலங்கை ஒரு தீவன்று. யானையும் சிறுத்தையும் மனிதனும் நடந்து கடந்த நிலம். பனி உருகிக் கடல் ஏறியபின்னரே அது தீவாயிற்று.

அவ்வளவு காலம் நிலவழி திறந்திருந்தும், இலங்கை மலைநாட்டின் உயிரினங்களுள் பல நம் மலைகளில் இல்லை. நம் மலையில் உள்ள வரையாடு அங்கே இல்லை. இலையில் முட்டையிட்டு, தலைப்பிரட்டையாக நீந்தும் பருவமே இன்றிக் குஞ்சு பொரிக்கும் சிறு தவளைகள் இரு பக்கத்திலும் உண்டு. அவை உடன்பிறந்த குலங்கள். எனினும் இங்குள்ள இனம் வேறு, அங்குள்ள இனம் வேறு. நிலம் சேர்ந்திருந்தபோதும் அவை ஏன் கலக்கவில்லை? இதற்கு விடை தேடப் பாலக்காட்டுக்கு வரவேண்டும்.

மும்பையிலிருந்தோ தில்லியிலிருந்தோ கேரளம் செல்லும் இரயில்களில் பல கோயம்புத்தூரைக் கடந்து வாளையாறு வழியாகப் பாலக்காட்டுக்குள் நுழைகின்றன. பயணம் செய்தவர்கள் நினைத்துப் பார்க்கலாம். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இரண்டும் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைகள். இடையில் 30 கிலோமீட்டருக்கும் குறையாத அகலத்தில் மலையே இல்லை. இரயில் ஏறுவதாகவே தோன்றாது. தமிழில் இதைக் கணவாய் என்கிறோம். மலையாளத்தில் சுரம் என்கிறார்கள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல்லில் ஒரு தனி விருப்பம் உண்டு. பழந்தமிழில் சுரம் என்பது பாலைநிலத்து வறண்ட வழி. மலையாளத்தில் அது மலையை ஊடறுத்துச் செல்லும் வழி. பாலக்காட்டுக்கு இரண்டு பொருளும் பொருந்தும். வெப்பமும் வறட்சியும் மிக்க அத்தாழ்நிலம், குளிர்ந்த சோலையில் வாழப் பழகிய சிறு பறவைக்குக் கடலைப் போன்ற தடை. கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் வாழும் சோலைச் சிலம்பனும், தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் வாழும் சிலம்பனும் ஒரே இனம் அல்ல. தரையோடு ஒட்டித் திரியும் நீலநிறச் சோலைக்குருவியும் அவ்வாறே வடக்கில் ஓரினம், தெற்கில் ஓரினம்.

தனுஷ்கோடிக் கடலின் அகலமும் பாலக்காட்டுக் கணவாயின் அகலமும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதை எண்ணிப் பாருங்கள். ஒன்றில் நீர், மற்றொன்றில் வெயில். மலையுச்சியில் வாழும் உயிருக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே இலங்கை கடலால் மட்டும் தீவாகவில்லை. அதன் மலைநாடு, கடல் வற்றிக் கிடந்த நாளிலும், சுற்றியிருந்த வறண்ட சமவெளியால் தீவாகவே இருந்தது. ஆனைமுடியும் அவ்வாறே ஒரு தீவுதான். செம்மலர் பூக்கும் காட்டுப்பூவரசு, ரோடோடெண்ட்ரான் என்று தாவர நூல்கள் கூறும் மரம், இமயத்தில் உண்டு; பிறகு இடையில் எங்கும் இன்றி நீலகிரி, ஆனைமலை, பழனி உச்சிகளில் தோன்றி, மீண்டும் இலங்கை மலைமேல் தோன்றுகின்றது. உயரமும் குளிரும் உள்ள இடங்களில் மட்டும் அது எஞ்சி நிற்கின்றது. வானிலை வெப்பமடையும் இக்காலத்தில் இத்தகைய உயிர்கள் மேலும் உயரே போகவேண்டும். உச்சிக்கு மேல் போவதற்கு இடமில்லை என்பதே அவற்றின் இக்கட்டு.

இனி மழையைப் பார்ப்போம். தேக்கடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அட்சரேகை ஏறக்குறைய ஒன்று. தேக்கடியிலிருந்து நேர்கிழக்கே ஒரு கோடு இழுத்தால் அது கடலைக் கடந்து யாழ்ப்பாணத்தை ஒட்டிச் செல்லும். ஒன்று அடர்ந்த காடு. மற்றொன்று ஆறே இல்லாத சுண்ணாம்புக்கல் சமவெளி, கிணற்றை நம்பி வாழும் நாடு, பனையின் நாடு. சூரியன் இரண்டுக்கும் ஒன்றுதான். வேறுபாட்டைச் செய்வது மலையும் காற்றும்.

சூன் மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் மோதி உயர்கின்றது. உயர உயரக் குளிர்ந்து மழையாகப் பொழிகின்றது. மூணாற்று மலைகளின் மேற்குச் சரிவுகள் நனைந்தபடியே இருக்கும். அதே நாளில் மறையூரைக் கடந்து சின்னாற்றுக்கு இறங்கினால் முட்செடியும் கள்ளியும் காணலாம். அங்கே ஆண்டு முழுவதிலும் பெய்வது 500 மில்லிமீட்டர் அளவுதான். இரண்டுக்கும் இடையே அரைநாள் பயணம்கூட இல்லை. மலையைத் தாண்டியபின் காற்றில் ஈரம் இல்லை. மறையூரில் சந்தனமரம் செழிப்பதற்கும் இந்த மழை மறைவே காரணம். பாலக்காட்டில் மட்டும் மலை இல்லாமையால் காற்று தடையின்றி நுழைந்து உடுமலை, பல்லடம் வரை வீசுகின்றது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி அவ்வூரார்க்கு வெறும் பேச்சன்று. இன்று அக்காற்றில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் சுழல்கின்றன.

இலங்கையில் இதே நாடகம் வட்டமான மேடையில் நடக்கின்றது. தென்மேற்குக் காற்று மோதும் மேற்குச் சரிவில் சில இடங்களில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டர் வரை மழை. மலையைக் கடந்து பதுளைப் பக்கம் இறங்கும்போது அதே காற்று வறண்டு, கிழக்குக் கரையில் மட்டக்களப்புத் தமிழர் கச்சான் என்று கூறும் வெங்காற்றாகிவிடுகின்றது. ஊவா மாகாணத் தேயிலைக்கு அந்த வறண்ட காற்று வீசும் மாதங்களிலேதான் தனிச்சுவை வருகின்றது என்பர். டிசம்பரில் வடகிழக்குக் காற்று திரும்பி வீசும்போது முறை மாறுகின்றது. கிழக்குப் பக்கம் நனைகின்றது. இவ்வாறு தீவின் தென்மேற்கில் ஈரவலயம், ஏனைய பெரும்பகுதி உலர்வலயம், நடுவே ஒரு இடைவலயம் என மூன்று நிலங்கள் அமைந்தன. பாலக்காட்டின் கிழக்கே சிற்றூர்ப் பக்கத்துக் கருமண்ணில் பனைமரங்கள் வரிசையாக நிற்பதைக் கண்டவர் யாழ்ப்பாணத்தை நினைப்பார்.

ஈரம் ஒருபுறமும் வறட்சி மறுபுறமும் இருக்கும் நிலத்தில் மனிதன் மலையைத் துளைத்து நீரைத் திருப்ப முயல்வது இயல்பே. 1895இல் கட்டி முடிந்த முல்லைப் பெரியாறு அணை, அரபிக் கடலுக்குச் செல்லவிருந்த நீரைச் சுரங்கவழியாக வைகைக்குத் திருப்பியது. வைகையின் முகம் பாக்கு விரிகுடாவை நோக்கியது. எனவே இடுக்கி மலைமேல் பெய்த மழை இலங்கைக்கு எதிர்க்கரையில் உள்ள நாட்டுக்குப் பாய்கின்றது. இலங்கையிலும் 1976ஆம் ஆண்டு முதல் பொல்கொல்லை என்னும் இடத்தில் மகாவலி கங்கையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வடக்கிலுள்ள உலர்வலயத்துக்குத் திருப்பப்படுகின்றது. அங்கு அரசர் காலத்துக் குளங்கள் அந்நீரைப் பெறுகின்றன. இவ்வாறு திருப்பும் நீருக்கெல்லாம் தாய் மேல்மலையின் புல்வெளியும் சோலையுமே. ஹோர்ட்டன் சமவெளியில் மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளின் கிளைகள் பிறக்கின்றன. ஆனைமுடியைச் சுற்றிய இரவிகுளம் மேட்டுநிலத்து நீரில் ஒரு பகுதி மேற்கே பெரியாற்றுக்கும், ஒரு பகுதி பாம்பாறு வழியாகக் கிழக்கே அமராவதிக்கும் போகின்றது.

அந்தச் சோலைகளுக்கு நேர்ந்ததையும் கூறவேண்டும். ஆங்கிலேயர் இலங்கைக் காடுகளை அழித்து முதலில் காப்பி பயிரிட்டனர். 1869இல் இலைத்துரு நோய் கண்டது. சில ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் பாழாயின. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரா தோட்டத்தில் பயிரிட்டிருந்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. மூணாற்று மலைகளை 1877இல் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து மன்றோ என்பவர் குத்தகைக்குப் பெற்றார். அங்கும் நாளடைவில் தேயிலையே வென்றது. தேயிலையை உலர்த்த விறகு வேண்டியிருந்ததால் தைலமரமும் வந்தது. ஒரு நல்ல காரியமும் நடந்தது. ஹூக்கர் என்னும் தாவரவியலறிஞரின் அறிவுரையை ஏற்று, 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை வெட்டலாகாது என்று இலங்கை அரசாங்கம் 1873இல் தடைவிதித்தது. அத்தடை இல்லையேல் ஹோர்ட்டன் சமவெளியும் இன்று தேயிலைத் தோட்டமாகத்தான் இருந்திருக்கும். இரவிகுளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வருவதற்கு 1975 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தோட்டம் போட்டவர் ஆங்கிலேயர். மண் வெட்டியவர் தமிழர். போடிநாயக்கனூரிலிருந்து மலையேறிக் குடும்பம் குடும்பமாக மூணாற்றுக்குச் சென்றனர். இராமநாதபுரக் கரையிலிருந்து மன்னாருக்குக் கடந்து, அங்கிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து சென்றனர். வழியில் மாண்டவர் பலர். இரு இடத்திலும் அவர்களுக்குக் கட்டிக் கொடுக்கப்பட்ட வரிசை வீட்டுக்கு ஒரே பெயர்: லயம். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கைக்குப்பின் இலங்கையிலிருந்து திரும்பியவர்களில் பலர் நீலகிரியில் மீண்டும் தேயிலையே கிள்ளினர். நாடு மாறிற்று, உயரமும் பயிரும் மாறவில்லை.

லயங்கள் பெரும்பாலும் எங்கே அமைந்தன? நல்ல மேட்டில் துரையின் பங்களா. ஓடை அருகே, பள்ளத்தாக்கின் அடியில், தொழிலாளர் வரிசை. நீர் கிடைக்கும், தேயிலைக்கு ஏற்ற சரிவு வீணாகாது என்பன கணக்கு. மழை அளவோடு பெய்யும்வரை அந்தக் கணக்கு தவறாகத் தெரிவதில்லை. வெப்பமண்டல மலையில் பாறைக்குமேல் உள்ள மண் ஆழமாக நொய்ந்து போனது. பெருமழை அதற்குள் புகுந்து நிறைந்தால், மண் தன் எடையைத் தாங்கமாட்டாமல் பாறையிலிருந்து கழன்று ஓடைவழியே இறங்குகின்றது. ஓடையின் ஓரத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள்மேல் விழுகின்றது.

2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையில், பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்த தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அது ஆபத்தான சரிவு என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த இடம். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் நான்கு லயங்கள் அடித்துச் செல்லப்பட்டன. அன்று ஒரே நாளில் அங்கே 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சின்னாற்றின் ஓராண்டு மழையைவிட அதிகம். எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர்; பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பக்கம். தொலைபேசி வேலை செய்யாமையால் செய்தி மறுநாட் காலையிலேயே வெளியே வந்தது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைக் கடந்தபோது, தீவு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைநாட்டு மண்சரிவுகளே அவ்வளவு பேரைக் கொண்டதற்கு முதற் காரணம்.

காட்டை அழித்ததனால்தான் மலை சரிகின்றது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவதுண்டு. பல இடங்களில் அது உண்மை. பெட்டிமுடியில் சரிவு தொடங்கியது தேயிலையில் அன்று. மேலே, தேசியப் பூங்காவை ஒட்டிய இயற்கை நிலத்தில். அம்மழைக்கு அம்மலை எப்படியும் சரிந்திருக்கலாம். ஆனால் அதன் கீழே வீடு இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இயற்கை விதித்தது அன்று. தொழிலாளிக்கு அந்த வீடு சொந்தமும் அன்று. வேலை முடிந்தால் விட்டுவிட்டுப் போகவேண்டிய வீடு. தனக்கு உரிமையில்லாத வீட்டை வேறிடத்தில் கட்டிக்கொள்ள ஒருவன் எப்படி முடிவு செய்வான்?

இதில் சிறிது மாற்றம் தொடங்கியிருக்கிறது. பெட்டிமுடியில் உயிர்தப்பிய சில குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் கேரள அரசு நிலம் அளித்து, அங்கே வீடுகள் கட்டித் தரப்பட்டன. இலங்கை மலைநாட்டில் இந்திய அரசின் உதவியோடு முதலில் 4,000 வீடுகளும், 2017இல் அறிவிக்கப்பட்ட 10,000 வீடுகளும் திட்டமிடப்பட்டன. ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம், தனி வீடு, சொந்தப் பத்திரம் என்பது ஏற்பாடு. லயங்களில் வாழ்வோரின் தொகையோடு ஒப்பிட்டால் இது சிறு தொகையே. வேலையும் மெதுவாகவே நடக்கின்றது. மலைநாட்டில் சரிவில்லாத நிலமாகத் தேடி எடுப்பது எளிதன்று, அத்தகைய நிலமும் பெரும்பாலும் தோட்டங்களின் கையிலேயே இருக்கிறது. வீட்டுக்கு மனை குறிக்கும்போது எட்டிப்பார்க்க வேண்டிய முதல் இடம் மேற்சரிவு. அடுத்தது, பழைய ஓடை எந்த வழியாக ஓடியது என்பது.